ஐரிஷ் சங்கிலியும் 175 முடிச்சுகளும்



"டிப்ளமோ படிக்கிறவங்க மலர்ல போர்வைக்கு என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மெக்கானிக்கல்காரர்கள் கியர் பற்றி எழுதட்டும். சிவில்காரர்கள் பாலம் பற்றி எழுதட்டும். கார்மென்ட் டெக்னாலஜி படிக்கிற நான் ஒட்டுத்துணிப் போர்வை பற்றித்தானே எழுத முடியும்? அதிலும் அளவு உண்டு, கணக்கு உண்டு, மனிதர்களின் உழைப்பும் உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மேல்நாட்டில் இதை 'கில்ட்' என்கிறார்கள். மூன்று அடுக்கு. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மேல்துணியை வயலில் பாத்தி பிரிக்கிற மாதிரி சதுரம் சதுரமாகப் பிரித்துத் தைப்பார்கள். ஒரு பாத்திக்கு 'பிளாக்' என்று பெயர்.

மிஞ்சிய துணியில் ஏதாவது ஒரு பொருள் செய்ய வேண்டும் என்று லேபில் வேலை கொடுத்தார்கள். எங்கள் பேட்சில் நாலு பேர். லைப்ரரியில் ஒரு தையல் புத்தகத்தைப் புரட்டியபோது 'ஐரிஷ் செயின்' என்ற போர்வையின் படம் கண்ணில் பட்டது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் பரவலாகத் தைக்கப்பட்ட டிசைன் இது. வெள்ளைத் துணியில் பச்சைச் சங்கிலி மூலைக்கு மூலை சாய்வாக ஓடுகிறது. ஆனால் சாய்வாக வெட்டிய துண்டு ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாமே சதுரம்! எப்படி?

விஷயம் ரொம்ப எளிது. 3 அங்குலச் சதுரம் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் 9 அங்குல பிளாக் ஒன்று கிடைக்கும். நான்கு மூலையும் நடுவும் பச்சை, மீதி நான்கும் வெள்ளை. இதற்குப் பக்கத்தில் அதே அளவில் ஒரு வெறும் வெள்ளை பிளாக். இப்படி மாற்றி மாற்றிச் சதுரங்கப் பலகை போல் வைத்துக்கொண்டே போனால், ஒரு பிளாக்கின் மூலைப் பச்சை இன்னொரு பிளாக்கின் மூலைப் பச்சையைத் தொடும். சங்கிலி தானாகப் பிறந்துவிடும்.

நாங்கள் அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7 என்று 35 பிளாக் வைத்தோம். அதில் 18 ஒன்பது சதுர பிளாக், 17 வெள்ளை பிளாக். போர்வை 45-க்கு 63 அங்குலம். பச்சைச் சதுரம் மட்டும் 90! பனியன் துணி இழுபடும் என்பதால் டெய்லர் கடைகளில் ஜாக்கெட் துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கினோம். நட்டநடு வெள்ளை பிளாக்கில் மட்டும் மூன்று இதயம், ஒரு காம்பு வெட்டி வைத்துத் தைத்தோம். அது ஷாம்ராக், அயர்லாந்தின் அடையாளமான மூன்று இலைச் செடி.

இனி டாலரன்ஸ் கணக்குக்கு வருவோம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும். அதனால் 3 அங்குலச் சதுரத்துக்கு மூன்றரை அங்குலம் வெட்டுகிறோம். தையல் வெறும் 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப் போனால் என்ன ஆகும்? ஒரு தையல் இரண்டு துண்டையும் கடிக்கிறது, ஆக 1/8 அங்குலம் போச்சு. ஒன்பது சதுர பிளாக்கில் குறுக்கே இரண்டு தையல், ஆக 1/4 அங்குலம் போச்சு. பக்கத்து வெள்ளை பிளாக்கில் நடுவே தையலே கிடையாது. அது ஒன்பதரை அங்குலத்தில் அப்படியே நிற்கும். இரண்டையும் இணைத்தால் சுருக்கம் விழும், மூலை மூலையைத் தொடாது. சங்கிலி அறுந்துவிடும்! வெர்னியர் பிடிக்கிற நண்பர்களே, இப்போதாவது போர்வையை மதிப்பீர்களா?

அடுத்தது முடிச்சு. பஞ்சுக்குக் கால் கிடையாது, ஆனாலும் நடக்கும்! இரண்டு தடவை துவைத்தால் ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். அதை நகராமல் பிடிக்க மூன்று அடுக்கையும் சேர்த்துப் போர்வை முழுக்க நுணுக்கமாகக் கையால் தைப்பது ஒரு வழி. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்னொரு வழி முடி போடுவது. மெத்தை தைக்கிறவர் நீள ஊசியால் இடையிடையே குத்திக் கட்டுவாரே, கிட்டத்தட்ட அதேதான். கெட்டியான பருத்தி நூலை மேலிருந்து குத்தி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, முதலில் வலதை இடதின் மேலும், பிறகு இடதை வலதின் மேலும் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் உருவிக்கொள்ளும். ஒவ்வொரு பச்சைச் சதுரத்தின் நடுவிலும் ஒன்று, வெள்ளை பிளாக்கிலும் அதே இடங்களில் ஐந்து. மொத்தம் 175 முடிச்சு.

இப்படி முடி போட்ட போர்வையை அவசர வேலை, இரண்டாம் தரம் என்று சொல்பவர்கள் உண்டு. குளிருக்குத் தரம் தெரியுமா என்ன? வட அமெரிக்காவில் மென்னோனைட் கிறிஸ்தவர்களின் நிவாரண அமைப்புக்காகத் தொண்டர்கள் கூடி உட்கார்ந்து இப்படித்தான் முடி போடுகிறார்கள். அந்தப் போர்வைகள் கப்பலேறி அகதிகளிடம் போகின்றன.

சரி, அயர்லாந்தில் ஒட்டுப்போர்வைக்குத் துணி எங்கிருந்து வந்தது? வடக்கே டெரி என்ற நகரம் 19-ஆம் நூற்றாண்டில் சட்டைத் தொழிலுக்குப் பேர் போனது, பனியனுக்குத் திருப்பூர் மாதிரி. 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் கார்ல் மார்க்ஸ் அந்த ஊரின் டில்லி சட்டை ஆலையைக் குறிப்பிடுகிறார். ஆலைக்குள் 1,000 பேர். சுற்றுவட்டாரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்கள் 9,000 பேர்! சட்டை வெட்டி மிஞ்சிய துண்டுகள் பெண்கள் கையில் போர்வைகளாயின. அடித்துணிக்கு மாவு வந்த பருத்திப் பையைப் பிரித்து வெளுத்துக்கொண்டார்கள். எத்தனை துவைத்தாலும் போகாத மாவு ஆலையின் எழுத்து சில போர்வைகளின் அடியில் இன்னும் தெரிகிறதாம். ஆலையின் பெயர் நிலைத்துவிட்டது. தைத்த பெண்ணின் பெயர் எங்கே?

அந்த 9,000 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா பீஸ் ரேட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிர் வெட்டுகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. நாலு பேரும் தைத்த 18 பிளாக்குகளையும் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். அம்மா அவற்றை அடுக்கி, தரையில் தட்டி, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். இரண்டை உருவித் தனியே வைத்தார்.

"இது ரெண்டும் ஒரு நூல் கம்மி, சாமி."

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சரியாக 1/8 அங்குலம்! மேஸ்திரியும் ஆசாரியும் 'ஒரு நூல்' என்று சொல்வது அதைத்தானே! நாங்கள் நாலு பேர் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து கண்டுபிடிப்பதை ஒரு கட்டைவிரல் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டது. அந்த இரண்டையும் பிரித்துத் தைத்த பிறகுதான் சங்கிலி நேராக ஓடியது.

ரெக்கார்டு நோட்டில் எங்கள் நாலு பேர் பெயரும் இருக்கிறது. 'தரப் பரிசோதனை' என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். "யாருப்பா இது?" என்று கேட்ட எங்கள் ஆசிரியர், சொன்னதும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நண்பர்களே! படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் கம்பெனிகளில் சூப்பர்வைசராகப் போய் நிற்போம். நம் கையில் சார்ட் இருக்கும், ஸ்டாப்வாட்ச் இருக்கும். எதிரே நம் அம்மா வயதில் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார். எத்தனை பீஸ் ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால் அவர் பெயரைக் கேளுங்கள். அவர் விரலுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். நம் சார்ட்டில் இல்லாத ஒரு நூலை அவர் சொல்லித் தருவார்.