முள்ளை நம்பி வாயை விட்ட கதை

போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது என் பழைய முள் மல்டிமீட்டர் கையில் சிக்கியது. பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது. ஏன்னு சொல்றேன்.

1998. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் இரண்டாம் வருஷம். (ஊர்ல இருக்கிற ஃபியூஸ் எல்லாம் நம்மளை நம்பித்தான் இருக்குன்னு நினைப்பு!) அப்பா கோவில்பட்டிப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கிட்டிருந்தார். கோயில் கொடைக்கு முந்தின நாள், சார்ஜுக்குப் போட்டிருந்த 12 வோல்ட் பேட்டரியை எடுக்க பேட்டரி கடை அண்ணாச்சிகிட்ட போனேன். ராத்திரியே சார்ஜ் முடிஞ்சு ஓரமா வெச்சிருந்தார். பேசாம எடுத்துட்டு வந்திருக்கலாம். பையில் புது மீட்டர் இருக்கே... 50 வோல்ட் ரேஞ்சில் வெச்சுப் பார்த்தா, முள் பதினொன்றரையில் நிக்குது.

"சார்ஜே ஏறலை அண்ணாச்சி, காசு மட்டும் வாங்கிக்கிடுதீங்க"ன்னுட்டேன். கடையில் நாலு பேர் நின்னாங்க.

அண்ணாச்சி கோபப்படலை. மேஜை மேல படுக்க வெச்சிருந்த 15 வோல்ட் வோல்ட்மீட்டரை எடுத்து வயரைத் தொட்டுக் காட்டினார். 12.6. முழுசா சார்ஜ் ஏறின பேட்டரி காட்ட வேண்டிய அளவு.

"தம்பி, முள்ள மட்டும் பாக்கிய. மூலைல பொடியா ஒரு நம்பர் போட்டிருக்கே, அத வாசிச்சியா?"

என் மீட்டரில் 3. அவரோடதில் 1. இதைத்தான் துல்லிய வகுப்புன்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணியிருந்தேன். அர்த்தம் அன்னிக்குத்தான் உறைச்சது.

அந்த 3 சதவீதம், முள் காட்டுற அளவில் இல்லைங்க. முழு ஸ்கேலில்! 50 வோல்ட்டில் 3 சதவீதம்னா ஒன்றரை வோல்ட். முள் எங்கே நின்னாலும் அந்த ஒன்றரை கூடவே வரும். அதாவது நான் பார்த்த பதினொன்றரை, 10-ஆகவும் இருக்கலாம், 13-ஆகவும் இருக்கலாம். செத்த பேட்டரியும் நல்ல பேட்டரியும் ரெண்டுமே அதுக்குள்ள அடக்கம். அண்ணாச்சி மீட்டரிலோ 15-க்கு 1 சதவீதம், 0.15 வோல்ட்தான். அடுத்த ரேஞ்ச் 10 வோல்ட். அதில் 12 அடங்காது. ஆக, அந்த வேலைக்கே என் மீட்டர் லாயக்கில்லை.

இன்னொண்ணும் காட்டினார். எதிலும் தொடாதபோதே என் முள் பூஜ்யத்துக்கு அரைக் கோடு இடப்பக்கம் நின்னது. அந்த ரேஞ்சில் ஒரு கோடு ஒரு வோல்ட். அங்கேயே அரை வோல்ட் அவுட். நடுவில் இருக்கிற திருகை லேசா திருப்பிச் சரி பண்ணிக் கொடுத்தார். ஸ்கேலுக்கு அடியில் கண்ணாடிப் பட்டை எதுக்குன்னும் கேட்டார். முகம் பார்க்க இல்லை! முள்ளும் அதோட பிம்பமும் ஒண்ணா மறையுற மாதிரி நேரா பார்க்கணும். சாய்ஞ்சு பார்த்தா பக்கத்துக் கோட்டை வாசிப்போம்.

லேப்பில் முள் ஸ்கேலின் மேல் பாதியில் நிக்கிற மாதிரி ரேஞ்ச் வைங்கன்னு வாத்தியார் சொன்னதும் இதுக்குத்தான். வகுப்பு 1.5 போட்ட 300 வோல்ட் மீட்டரில் பிழை 4.5 வோல்ட். 240-ஐ அளந்தா 2 சதவீதம்கூட இல்லை. அதே மீட்டரில் 30 வோல்ட் அளந்தா 15 சதவீதம்.

மறுநாள் கொடையில் ராத்திரி முழுக்க அந்த பேட்டரியில்தான் பாட்டு ஓடிச்சு. அப்பா போய் அண்ணாச்சிகிட்ட எனக்காக மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கலை. அப்புறம் எத்தனையோ தடவை அந்தக் கடையில் டீ குடிச்சிருக்கேன், கடைசி வரை வாய் வரலை. மீட்டரோட பிழைக்காவது ஒரு நம்பர் போட்டிருக்காங்க...

டிஸ்கி: டிஜிட்டல் வெச்சிருக்கேன், எனக்கென்னன்னு நினைக்காதீங்க. அதுலயும் பிழை உண்டு. கூட வர்ற சின்னப் புத்தகத்தில் சதவீதமும், கடைசி இலக்கத்தில் எத்தனை எண் கூடக் குறைய வரும்னும் போட்டிருப்பாங்க. யாரையாவது திட்டுறதுக்கு முன்னாடி அதை வாசிச்சிடுங்க.