கீல் பூசிய கலங்களும் குங்கிலியக் குன்றுகளும்

போளூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை சிறிது தொலைவு வயல்களுக்கிடையே ஓடுகிறது. பின்னர் மலையைப் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து மேலேறுகிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்தால் ஜமுனாமரத்தூரை அடைகிறோம். ஜவ்வாது மலையின் நடுநாயகமாக விளங்கும் ஊர் அது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகவும், வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவும், திருப்பத்தூரிலிருந்தும் இம்மலைக்கு வழிகள் உண்டு. முன்னாளில் வடாற்காடு மாவட்டம் என ஒரே பெயரால் வழங்கிய இப்பகுதி, 1989-ஆம் ஆண்டிலும் பின்னர் 2019-ஆம் ஆண்டிலும் பிரிக்கப்பட்டு, இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறும் கமண்டல நாகநதியும் மிருகண்டா நதியும் இம்மலை ஈன்ற ஆறுகள். கீழேயுள்ள ஊர்கள் குடிக்கும் நீரிலும் உண்ணும் சோற்றிலும் இம்மலைக்குப் பங்கு உண்டு.

இங்கு வருவோர் பெரும்பாலும் பீமன் அருவியையும் கோமுட்டேரியையும் கண்டு திரும்புவர். அறிவியலில் ஆர்வமுடையோர் காவலூர் வானாய்வகத்துக்குச் செல்வர். 1986-ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிவரும் 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது என்பது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் நாம் இம்முறை மலையேறியது அருவியையோ விண்மீன்களையோ காண்பதற்கன்று. கலங்களைப் பற்றியும், கலங்களைக் காக்கும் பிசினைப் பற்றியும் அறிந்து வருவதே நம் நோக்கம்.

மூங்கிலும் சுரைக்குடுக்கையும்

இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்னும் பொருளிலேயே அப்பெயர் வழங்குகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. சாமையும் கேழ்வரகும் தினையும் அவர்கள் பயிரிடுவன. தேனும் புளியும் கடுக்காயும் காடு தருவன.

இத்தகைய வாழ்வுக்கு ஏற்ற கலங்களையும் காடே கொடுத்தது. முற்றிய சுரைக்காயைக் குடைந்து உலர்த்தினால் நீருக்கும் தேனுக்கும் ஏற்ற குடுக்கை ஆகிறது. மூங்கிலின் ஒரு கணுவை அடியாக விட்டு மேலே நறுக்கினால் அதுவே குழாய்க் கலம். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிச் சாணமும் மண்ணும் மெழுகிய கூடை தானியத்தைக் காக்கும். இன்று இவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் குடங்கள் பிடித்துக்கொண்டன.

மூங்கிற் கலத்தின் தொன்மைக்கு இலக்கியச் சான்றும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், இம்மலையின் தெற்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. பெருங்கௌசிகனார் இயற்றிய அந்நூலில், மலைநாட்டார் மூங்கிற் குழாயில் விளைவித்த தேன்மது விருந்தினருக்கு அளிக்கப்படுவதைக் காண்கிறோம். மேலைநாட்டார் மரப்பீப்பாயில் செய்ததை நம் மலைமக்கள் மூங்கிலில் செய்தனர் எனலாம். கணுவும் சுவரும் ஒன்றாகவே வளர்ந்த கலமாதலால் மூங்கிலுக்குப் பொருத்துவாய் இல்லை. பொருத்துவாய் இல்லாத கலத்துக்குக் கீல் தேவையில்லை.

பொருத்துவாய் உள்ள கலத்தின் கதையோ வேறு. பீப்பாய் என்னும் சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது. பல பலகைகளை வளைத்து, இரும்பு வளையங்களால் இறுக்கிச் செய்யும் அக்கலம் நனைந்திருக்கும் வரை பருத்து இறுகி நிற்கும். உலர்ந்தால் சுருங்கி வாய் திறக்கும். நம் வெயிலுக்கு அது ஏற்றதன்று. மண்ணில் பானை வனையக் கற்றிருந்த நாட்டுக்கு அது வேண்டியதாகவும் இல்லை.

காய்ச்சிய கீல்

மண்கலமும் முற்றிலும் குறையற்றதன்று. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். நம் குடிநீர்ப் பானைக்கு அக்கசிவே நன்மை. அதனால்தான் நீர் குளிர்கிறது. ஆனால் கடல் கடந்து மது ஏற்றிச் செல்ல வேண்டிய உரோமானிய வணிகருக்கு அது இழப்பு. எனவே அவர்கள் பைன் மரத்தின் பிசினைக் காய்ச்சித் தம் சாடிகளின் உட்புறத்தில் பூசினர். இரட்டைக் கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட அத்தகைய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்தன. யவனர் கொணர்ந்த நறுமண மதுவைப் புறநானூறும் குறிப்பிடுகிறது. கிரேக்க நாட்டில் ரெட்சினா என்னும் மதுவில் இன்றும் பைன் பிசின் சேர்க்கின்றனர். கலத்தைக் காக்கப் பூசிய பிசினின் மணம் நாளடைவில் குடிப்போர் விரும்பும் சுவையாகவே ஆகிவிட்டது.

அந்தப் பழக்கமே பிற்காலத்தில் ஐரோப்பிய மரப்பீப்பாய்களுக்கும் பெருந்தொழிலாக வளர்ந்தது. பீர் அடைக்கும் ஓக் மரப்பீப்பாயின் உட்புறத்தில் கீல் பூசாவிடில் மரத்தின் துவர்ப்பு மதுவில் இறங்கும். நுரை தரும் வாயு கசிந்து போகும். மரத்தின் துளைகளில் நுண்ணுயிர்கள் தங்கி அடுத்த மதுவைப் புளிக்கச் செய்யும். ஒரு முறை பூசிய கீலும் நிலைத்து நிற்பதன்று. அது நாளடைவில் வெடித்து உதிரும். ஆகவே பழையதை அகற்றிப் புதியதைப் பூசுவதற்கென்றே கருவிகள் தோன்றின.

அக்கருவியின் இயக்கம் அறியத்தக்கது. பெரிய இரும்புக் கொப்பரையில் கீலை இட்டு, நீர் கொதிக்கும் நிலையினும் மிகுந்த சூட்டில் உருக்குவர். பீப்பாயின் அடைப்புத் துளையைக் கீழ்நோக்கி வைத்து, அதன் வழியே ஒரு குழாயைச் செலுத்தி, வெப்பக் காற்றையோ கொதிக்கும் கீலையோ உள்ளே பீய்ச்சுவர். பழைய பூச்சு உருகி, தன்னிடம் ஒட்டிய அழுக்குடன் ஒழுகி வெளியேறும். அதன்பின் புதிய கீலைச் செலுத்தித் துளையை அடைத்து, பீப்பாயை உருளைகளின்மேல் கிடத்திச் சுழற்றுவர். கீல் குளிர்ந்து உறையும் வரை சுழற்சி நிற்கலாகாது. நின்றால் கீல் ஒரு பக்கமே தங்கிவிடும். சுழன்றால் எல்லாப் பக்கமும் மெல்லிய படலமாகப் படியும். பூச்சு தடித்தால் வெடிக்கும், மெலிந்தால் கசியும். பீப்பாய்க்குள் நீர் தங்கியிருந்தாலோ பேராபத்து. அந்நீர் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் கீலை வெளியே தெறிக்கச் செய்யும். செக் நாட்டின் பில்சன் நகரத்து மதுவடிசாலை பீப்பாய் செய்யும் தச்சர்களை இன்றும் வைத்துப் பேணுகிறது. ஏனைய பெரும்பாலான இடங்களில் எஃகு, அலுமினியக் கலங்கள் இத்தொழிலை முடித்துவைத்தன. இதனை நாம் விரித்துரைத்தது மதுவைப் புகழ்வதற்கன்று. ஒரு கலம் நிலைத்து நிற்க எத்துணைக் கவனம் வேண்டும் என்பதைக் காட்டுவதற்கே.

நம் நாட்டுக் கீல்

இத்தகைய தொழில் நம்மிடையே இல்லையோ என எண்ண வேண்டா. நாம் பீப்பாயின் உட்புறத்தைப் பூசவில்லை. படகின் புறத்தைப் பூசினோம். மலையை விட்டிறங்கித் தருமபுரி வழியே காவிரிக்கரைக்குச் சென்றால் ஒகேனக்கல். அங்கு ஓடும் பரிசல் மூங்கிலால் பின்னிய வட்டக் கூடையேயன்றி வேறில்லை. முற்காலத்தில் அதற்குத் தோல் போர்த்தினர். இன்று பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தாரைக் காய்ச்சிப் பூசுகின்றனர். பாறையில் உராய்ந்து தேய்ந்த இடத்தில் மீண்டும் பூச வேண்டும். அவ்வாறு செய்யாத பரிசலில் ஏறுவோர் உயிருக்கு உறுதியில்லை.

தூத்துக்குடியின் தோணிகளோ பலகைகளால் ஆனவை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற அத்தோணிகளின் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்துச் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் அடைப்பர். இவ்வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். உளியும் கொட்டாப்புளியும் ஏந்திய கலப்பற்றுக்காரர் கடற்கரைச் சிற்றூர்களில் மதிப்புக்குரியவர். அவருடைய கைவேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆனால் நடுக்கடலில் மாலுமிகளின் உயிர் அதனை நம்பியே இருக்கிறது.

விவிலியம் அறிந்த நம் வாசகருக்கு இங்கே இரு காட்சிகள் நினைவுக்கு வரும். நோவா தம் பேழையின் உள்ளும் புறமும் கீல் பூசுமாறு பணிக்கப்பட்டதைத் தொடக்க நூல் கூறுகிறது. குழந்தை மோசேயைக் கிடத்திய நாணற்கூடைக்கு அவருடைய தாய் நிலக்கீலும் கீலும் பூசியதை விடுதலைப் பயண நூல் கூறுகிறது. எபிரேய மூலத்தில் பெரிய பேழைக்கும் சிறிய கூடைக்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. மெசப்பொத்தேமியாவில் யூப்ரத்தீசு ஆற்றங்கரையிலுள்ள ஹிட் என்னும் ஊரில் நிலக்கீல் தானே ஊறி வரும். அந்நாட்டின் வட்டக்கூடைப் படகுகளுக்கு அதைப் பூசினர். ஒகேனக்கல் பரிசலைக் கண்டவர் அந்தத் தாயின் கைவேலையை எளிதில் உணர்ந்துகொள்வர்.

காயம் பட்ட மரம்

நிலக்கீல் ஊறாத நம் நாட்டில் இக்கலவைக்குப் பிசின் எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்தே வந்தது. குங்கிலியம் என்னும் பெயர் பல மரங்களின் பிசினுக்கும் வழங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் உண்டு; வடநாட்டில் சால மரம் உண்டு. அச்சாலத்தின் உறவாகிய குங்கிலிய மரம் ஒன்று ஜவ்வாது முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகளில் வளர்கிறது. அதன் பட்டையைக் கீறினால் பிசின் கசிந்து, காற்றுப்பட்டு இறுகிக் கட்டியாகிறது. தணலில் இட்டால் மணம் கமழ்கிறது. எண்ணெயில் காய்ச்சினால் மரத்தின் வாயை அடைக்கிறது.

மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளச் சுரப்பதே பிசின். அதைத்தான் மனிதன் எடுத்துத் தன் கலத்தின் காயத்தை மூடுகிறான். ஆகவே எவ்வளவு கீறுவது, எப்போது நிறுத்துவது என்பதே இத்தொழிலின் அறம். ஆழமின்றிக் கீறி, ஆறவிட்டு, அடுத்த பருவத்தில் வருபவனுக்கு மரம் பல்லாண்டு உதவும். பேராசை கொண்டவனோ மிகுதியாக வெட்டுகிறான். கருங்குங்கிலியத்துக்காக மரத்தடியில் தீ மூட்டும் வழக்கமும் உண்டு. அதனால் மரமே பட்டுப்போவதும் உண்டு. ஜவ்வாது மலையின் குங்கிலிய மரம் இன்று அழியும் இடருக்கு உள்ளான இனங்களின் பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இம்மலைக்கு இப்பாடம் புதிதன்று. ஒரு காலத்தில் ஜவ்வாது என்றாலே சந்தனம். திருப்பத்தூரில் உள்ள வனத்துறையின் சந்தனக் கிடங்கு அதற்குச் சாட்சி. சந்தனத்தின் மணம் வைரத்திலும் வேரிலும் இருப்பதால் மரத்தை வேரோடு அகழ்ந்தே எடுக்க வேண்டும். முறையாக எடுத்ததோடு கள்ளத்தனமாக எடுத்ததும் சேர்ந்து, மலையில் முதிர்ந்த சந்தன மரங்கள் அரிதாயின.

மரம் போனபின் வெட்டும் கைகளுக்கு வேலை தேடி இடைத்தரகர் வந்தனர். ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டினால் பெருங்கூலி கிடைக்கும் என ஆசைகாட்டினர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தோர் அவர்களுள் பலர். மரத்தை விற்றுச் செல்வம் சேர்த்தவர் எவரும் அன்று அங்கே விழவில்லை. கூலிக்குச் சென்றவரே விழுந்தனர். தம் மலையிலேயே பிழைக்க வழியிருந்தால் அவர்கள் அவ்வளவு தொலைவு சென்றிருப்பார்களா என்னும் வினா மலை ஊர்களைக் கடக்கும்போது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

வழி இல்லாமற் போகவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேன், புளி, கடுக்காய், பிசின் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டில் வாழ்வோருக்கு அளிக்கிறது. இவை யாவும் மரத்தைச் சாய்க்காமல் பெறத்தக்கவை. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. விளைபொருளுக்கு நேரிய விலையும், குங்கிலியக் கன்றுகளை நட்டுப் பேணும் முயற்சியும் அதனுடன் சேர வேண்டும்.

மலைக்குச் செல்லும் அன்பர்களே! ஜமுனாமரத்தூரில் சாமையும் தேனும் புளியும் வாங்குங்கள். இடைத்தரகரைத் தவிர்த்து மலைமக்களிடமே வாங்குங்கள். அவர்கள் கேட்கும் விலையைக் குறைக்க வாதாடாதீர்கள். தேனை ஊற்றித் தர அவர்களிடம் கலம் இல்லாதிருக்கலாம். நல்ல கண்ணாடிக் குப்பி ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.