இன்னும் வராத பிள்ளைக்காக

2018-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, நானும் என் மனைவியும் ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தோம். ஆலயத்திலிருந்து திரும்பி, உணவு மேசைமீதிருந்த மலர்வளையத்தில் முதல் மெழுகுதிரியை ஏற்றிய வேளையில் அந்த முடிவு பிறந்தது. அன்று தொடங்கிய திருவருகைக் காலம் எங்களுக்கு இன்னும் முடியவில்லை.

நான் தூத்துக்குடியில், பனிமய மாதா பேராலயத்தின் மணியோசை கேட்கும் தெருவில் பிறந்து வளர்ந்தவன். ஆண்டுதோறும் ஆகஸ்டு 5-ஆம் நாள் பனிமய அன்னையின் விழாவைக் கொண்டாடிய எனக்கு, பனி எப்படியிருக்கும் என்பது கனடா நாட்டின் டொராண்டோ நகருக்கு வேலைக்கு வந்த பிறகே தெரிந்தது. இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது, குடியுரிமையும் இந்நாட்டினதாகிவிட்டது. ஆயினும் பிள்ளை என்று நினைத்தபோது மனம் பிறந்த மண்ணையே நாடியது. அயல்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட எங்களுக்கு அதற்கான வழி, பன்னாட்டுத் தத்தெடுப்பு ஒன்றுதான்.

எங்களுக்காக வேளாங்கண்ணி அன்னைக்குத் தொட்டில் காணிக்கை நேர்ந்திருந்த அம்மாவிடம் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "யாரு பெத்தா என்னய்யா, மாதா கொடுக்கிற பிள்ளைதானே. எப்ப வரும்?" என்றார். அந்தக் கடைசிக் கேள்வியை அன்று முதல் ஞாயிறுதோறும் கேட்டு வருகிறார்.

எங்கள் குடும்பத்துக்குத் தத்தெடுப்பு புதிதன்று. என் பெரியப்பா 1974-இல் ஓர் இல்லத்திலிருந்து பெண்குழந்தை ஒன்றை எடுத்து வளர்த்தார். எங்களுக்கு அவர் அக்கா. சட்டத்துக்கோ அவர் பெரியப்பாவின் மகள் அல்லர். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. 1890-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படி கிறிஸ்தவர் ஒருவர் அத்தகைய பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கலாமே தவிர, பெற்றோராக முடியாது. பெரியப்பா இறந்தபோது துக்க வீட்டில் மூத்த மகளாக நின்று அனைவரையும் தாங்கிய அக்கா, வாரிசுச் சான்றிதழில் பெயரின்றி நின்றார். 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், 2006-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமுமே சமய வேறுபாடின்றித் தத்துப்பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக்கின. அக்காவுக்குக் கிடைக்காத ஒரு கையெழுத்துக்காகவே காத்திருக்கிறோம் என்று எண்ணும்போது, காகிதங்கள்மீது எனக்கு வரும் கோபம் சற்றுத் தணியும்.

காகிதங்களுக்குக் குறைவில்லை. காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று, வருமானச் சான்று என ஒன்று கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகிவிடும். எங்கள் இல்லத்தை ஆய்வு செய்ய வந்த சமூகப் பணியாளர் பல நாள்கள் பல கேள்விகள் கேட்டார். அவற்றுள் ஒன்று எங்களை ஊமையாக்கியது: "தன்னைப் பெற்ற தாயைப் பற்றிக் குழந்தை கேட்டால் என்ன சொல்வீர்கள்?" அதுவரை நாங்கள் நூற்றுக்கணக்கான செபமாலைகள் சொல்லியிருந்தோம். அந்தத் தாய்க்காக ஒருமுறையேனும் செபித்ததில்லை. எங்கள் மகிழ்ச்சி எங்கோ ஒரு பெண்ணின் கண்ணீரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

2020-இல் பெருந்தொற்று வந்தது, அலுவலகங்கள் அடைபட்டன. அந்தக் குளிர்காலத்தின் முடிவில் என் மனைவி மூன்று வயதுப் பிள்ளைக்கான சிவப்புநிறப் பனிக்காலணி ஒன்றை வாங்கிவந்து, வெறுமையாக இருந்த சிறிய அறையின் வாசலில் வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தாமதத்தின் காரணத்தை நான் படித்தறிந்ததும் அந்நாள்களில்தான். இந்தியக் குழந்தைகளை அயல்நாடுகளுக்கு அனுப்புவதில் நடந்த முறைகேடுகளைச் சுட்டி 1982-இல் வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே வழக்காக ஏற்று, 1984 பிப்ரவரி 6-ஆம் நாள் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு, குழந்தைக்கு முதலில் இந்தியாவிலேயே பெற்றோரைத் தேட வேண்டும் என்றது. 1993-இல் உருவான ஹேக் உடன்படிக்கையும் அந்த நெறியையே பன்னாட்டுச் சட்டமாக்கியது. இந்தியா 2003-இல் அதனை ஏற்றது. 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி, குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறித் திரும்ப 60 நாள்கள் தரப்படுகின்றன. கைவிடப்பட்ட குழந்தையாயின் பெற்றோரைத் தேட வேண்டும். தேடியும் எவரும் கிடைக்கவில்லை என்றால்தான் குழந்தைகள் நலக் குழு அப்பிள்ளையைத் தத்துக்குரியதாக அறிவிக்கும். நான் "தாமதம்" என்று சலித்துக்கொண்ட நாள்கள், ஒரு குழந்தைக்காக யாரோ அதன் தாயைத் தேடிக்கொண்டிருந்த நாள்கள்.

இதை அறிவால் ஏற்பது எளிது. இதயத்தால் ஏற்க வேண்டிய நாளும் வந்தது.

2021 செப்டம்பரில் ஒரு சிறுவனின் புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் எங்களுக்கு வந்தன. வயது நான்கு. நாயைக் கண்டால் பயம், தயிர்ச்சோறு பிடிக்கும் என்று ஒரு வரி. அவன் பெயரை இங்கு எழுதுவது முறையன்று. எங்கள் செபத்தில் அப்பெயர் நாள்தோறும் ஒலித்தது. சம்மதம் தெரிவித்தோம். சிவப்புக் காலணி அவனுக்குச் சிறியதாகிவிட்டதால் பெரிதாக மற்றொன்று வாங்கினோம். அவனுடைய ஆவணங்கள் நீதிமன்றத்தில் இருந்தபோது, 2022 செப்டம்பரில் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, தத்து ஆணை வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. கோப்பும் இடம் மாறியது. நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பிழைப்புக்காக வெளி மாநிலம் சென்றிருந்த அவனுடைய பாட்டி, பேரனைத் தேடி அலைந்து இறுதியில் கண்டுபிடித்துவிட்டாராம். ஆணை இன்னும் பிறப்பிக்கப்படாததால் குழு விசாரித்து, அவனை அவரிடமே ஒப்படைத்துவிட்டது.

என் மனைவி காலணியை மீண்டும் பெட்டிக்குள் வைத்தார். நான் மூன்று ஞாயிறுகள் திருப்பலிக்குச் செல்லவில்லை. அதுவும் திருவருகைக் காலம். காத்திருங்கள், விழித்திருங்கள் என்று மறையுரை கேட்கும் வலிமை எனக்கில்லை. ஓரிரவு என் மனைவி மெல்லச் சொன்னார்: "அவனுக்கு நல்ல வீடு கிடைக்க வேண்டும் என்றுதானே நாள்தோறும் கேட்டோம். கிடைத்துவிட்டது. அது நம் வீடாக இல்லை, அவ்வளவுதான்." அதற்கு "ஆமென்" சொல்ல எனக்குப் பல மாதங்கள் ஆயின.

சொல்லக் கற்றுத் தந்தவர் புனித சூசையப்பர். எருசலேம் ஆலயத்தில் மூன்று நாள் தேடிக் கண்டெடுத்த சிறுவன், தன் தந்தை வேறொருவர் என்று சொல்லக் கேட்டு நின்றவர் அவர். லூக்கா நற்செய்தியில் அவர் மறுமொழி எதுவும் கூறவில்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்பி, தச்சு வேலையைத் தொடர்ந்தார். பிள்ளையை உடைமையாகப் பற்றிக்கொள்ளாத அன்பே தந்தையன்பு என்று, திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8-ஆம் நாள் சூசையப்பரைப் பற்றி எழுதிய மடலில் விளக்கியிருந்தார். முன்பு அதைப் படித்தபோது நல்ல கருத்து என்று நினைத்தேன். இப்போது அது என்னை நோக்கி எழுதப்பட்டதாகத் தோன்றியது.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரமும் எனக்கு வேறாகத் தெரிந்தது. படைப்பெல்லாம் பேறுகால வேதனையில் தவிப்பதாகக் கூறும் அவர், நாமும் கடவுளின் பிள்ளைகளாகத் தத்தெடுக்கப்படுவதை எதிர்நோக்கிப் பெருமூச்செறிகிறோம் என்கிறார். பழைய மொழிபெயர்ப்பு அதைப் புத்திரசுவிகாரம் என்று சொல்லும். பலமுறை வாசித்தும் நான் கவனிக்காத ஒன்று அங்கே இருக்கிறது. பவுல் காட்டும் அந்தக் காத்திருத்தலில் ஏங்கித் தவிப்பவர் பிள்ளைகள். நானோ இத்தனை ஆண்டுகளும், காத்திருப்பவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே என்று எண்ணியிருந்தேன்.

2024-இல் வேறொரு புகைப்படம் வந்தது. ஐந்து வயதுச் சிறுமி. இம்முறை சம்மதம் தெரிவித்த அன்றே, அவளைத் தேடி யாரேனும் வருவார்களாயின் அவர்களுக்கு வழி காட்டும்படியும் செபித்தோம். அந்தச் செபத்தைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் சொன்னோம். பெரிய காலணி பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. நிறம் அவளுக்குப் பிடிக்குமோ, தெரியாது. கோப்பு மாவட்ட ஆட்சியரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அதன் பின்னும் கடவுச்சீட்டு, குடியேற்ற அனுமதி எனப் படிகள் உள்ளன.

நாங்கள் அனுப்பிய குடும்பப் படங்களை, இல்லத்தில் அவளைக் கவனித்துக்கொள்ளும் அம்மையார் அவளிடம் காட்டினாராம். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப வருவாங்க?"

சென்ற ஞாயிறன்று அம்மா வழக்கம்போல் கேட்டபோது இதைச் சொன்னேன். மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக ஒலி கேட்டது. "அவளும் கேக்காளா? அப்ப சரி, நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருப்போம்" என்றார்.

அன்பர்களே, உங்கள் செபங்களில் எங்களை நினைவுகூருங்கள். எங்களுக்கு முன்பாக அச்சிறுமியையும், அவளைப் பெற்ற தாயையும், பேரனைத் தேடிக் கண்டடைந்த அந்த மூதாட்டியையும் நினைவுகூருங்கள். அவன் இப்போது பள்ளிக்குச் செல்லும் வயதினன். நாய்களைக் கண்டு அஞ்சாமல் தெருவில் நடக்கக் கற்றிருப்பான் என்று நம்புகிறோம்.