பின்பனியும் முந்திப் பூக்கும் கொடிகளும்

யாண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழ்ச் சான்றோர், பனிக்காலத்தை ஒன்றென வையாது முன்பனி, பின்பனி என இரண்டாக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தமிழ்நாட்டிற் பின்பனி பெருங்கேடு செய்வதன்று. வைகறையிற் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொள்ளும் அளவிற்றே அதன் வன்மை. குளிர்நாடுகளின் நிலை அஃதன்று. இங்கிலாந்திலே பிப்ரவரியும் மார்ச்சுமாகிய அப்பருவத்தைத் தோட்டக்காரர் அஞ்சுமளவு நடுக்குளிர்காலத்தையும் அஞ்சார்.

அதற்குக் காரணம் உண்டு. திசம்பரில் மரமும் கொடியும் உறங்குவன. உறங்குவதன் மேற் பனி பெய்தாலும் அதற்கு வரும் ஏதம் சிறிது. பிப்ரவரிக் கடைசியிலோ, நான்கு நாள் வெயில் தொடர்ந்து காய்ந்தால் மொட்டுக்கள் தடிக்கும். தளிர்கள் தலை நீட்டும். அந்நிலையில் கீழ்த்திசையினின்று ஒரு காற்றுத் திரும்புமாயின் ஓரிரவில் யாவும் கருகிவிடும். அக்கேட்டுக்கு முதலில் இலக்காவன சுவரிற் படர்ந்து முந்திப் பூக்கும் கொடிகளே.

அவற்றுள் மூன்று ஈண்டுக் குறிக்கத்தக்கன. ஒன்று, குளிர்கால மல்லிகை. இராபர்ட் பார்ச்சூன் என்பவர் 1844-ஆம் ஆண்டிற் சீன தேயத்தினின்று இங்கிலாந்துக்கு அனுப்பியது. முல்லை மல்லிகைகளின் குலத்ததே எனினும் இதற்கு மணமில்லை. நிறமும் வெண்மையன்று, பொன்மை. இலையுதிர்ந்த வெறுங்கொம்பில் நவம்பர் தொட்டு மார்ச்சு வரை பூக்கும். கடும்பனியில் விரிந்த பூக்கள் கருகினும், விரியாத மொட்டுக்கள் பிழைத்துப் பின்னர் மலரும். தானே பற்றி ஏறும் ஆற்றல் இதற்கின்மையின் தோட்டக்காரன் கட்டிவிட்டாலன்றிச் சரிந்தே கிடக்கும். பாரி வள்ளல் இதனைக் கண்டிருப்பின் தேரோடு கயிறும் ஈந்திருத்தல் வேண்டும்.

மற்றை இரண்டும் கிளெமாட்டிஸ் என்னும் இனத்தன. இவ்வினத்துக் கொடிகள் இலைக்காம்பையே கையாகக் கொண்டு பற்றுவன. மேற்கு மலைத்தொடர்ச்சியிலும் இவற்றுட் சில உள. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்குரிய சிரோசா என்பது, குளிர்காலத்திலே சிறு மணி போன்ற பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிடும். சீன தேயத்ததாகிய அர்மாண்டி என்பதற்கு அர்மாண்டு டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயர் இடப்பட்டது. அதனை 1900-இல் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தவர் எர்னஸ்ட் வில்சன். தோல் போன்ற தடித்த நீண்ட இலையுடையது. அவ்விலை குளிர்காலத்தும் உதிராது. மார்ச்சு மாதத்திலே வெண்பூக் கொத்துக்கள் விரிந்து நறுமணம் பரப்பும்.

முந்திப் பூக்கும் கொடி என்னும் பெயரே ஆராயத்தக்கது. எதற்கு முந்தி? சிரோசாவின் பிறப்பிடத்திற் கோடை வறண்டது. மழை பொழிவது குளிர்காலத்திலே. ஆதலின் அக்கொடி கோடையில் ஓய்ந்து, மாரியில் விழித்துப் பூக்கிறது. கார்காலத்தில் முல்லை பூத்தலை யாரும் முந்திப் பூத்ததென்று கூறார். தன்னாட்டுப் பருவத்தை மறவாத கொடியை அயல்நாட்டுச் சுவரில் ஏற்றிவைத்து, அது காலமறியாது பூத்ததென்று பழித்தல் பொருந்தாது. அர்மாண்டியும் மதிகெட்டு மலர்வதன்று. அதன் மொட்டுக்கள் முந்திய ஆண்டுக் கோடையில் வளர்ந்த தண்டுகளில் முன்னரே அமைந்தவை. குளிர்காலத்தைக் கடந்து இளவெப்பம் தோன்றியவுடன் அவை விரிகின்றன. வெப்பம் நிலைக்குமா என்பதை அறியும் வழி கொடிக்கு இல்லை. தோட்டக்காரனுக்கும் பெரிதும் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், தம் மனைவியாரோடு இலண்டன் மாநகரின் தென்புறத்தே மகள் இல்லத்தில் வாழ்ந்துவந்தார். நூல் பேணுதல் தம் தொழில், செடி பேணுதல் அம்மையார் தொழில் என்றிருந்தவர் அவர். அம்மையார் ஒரு மார்ச்சு மாதத்துச் சந்தையில் அர்மாண்டிக் கன்றொன்றின் பூவை மோந்து பார்த்து, விலை கேளாமலே வாங்கிவந்தார். தோட்டத்தின் கோடியிலுள்ள செங்கற் சுவரின் அடியில் அதனை நட்டார். அடுக்களைச் சாளரத்தினின்று பார்த்தால் நேரே தெரியும் இடம் அது. அவ்வொரு காரணம்பற்றியே தெரிந்தெடுத்த இடம். அச்சுவர் கிழக்கு நோக்கியது என்பதும், முந்திப் பூக்கும் கொடிக்குக் கீழ்ச்சுவர் ஆகாதென்பதும் இல்லத்தார் ஒருவரும் அறியார்.

கீழ்ச்சுவர் ஆகாமைக்குக் காரணம் இது. இரவிற் பனியால் உறைந்த மொட்டு மெல்ல இளகுமாயின் பெரும்பாலும் பிழைக்கும். விடிந்தவுடன் ஞாயிற்றின் கதிர் நேரே தாக்கி விரைவில் இளக்குமாயின் திசுக்கள் சிதையும். தெற்கு அல்லது மேற்கு நோக்கிய சுவர்க்கு இவ்விடர் குறைவு. அன்றியும் பகலில் ஏற்ற வெம்மையை இரவில் மெல்ல விடுத்துக் கொடியைக் காக்கும். வேரூன்றிய அர்மாண்டியைப் பெயர்த்து நடுதலும் இயலாது; பெயர்த்தால் பெரும்பாலும் பட்டுப்போகும்.

அம்மையார் 2016-ஆம் ஆண்டிற் சிவபதம் எய்தினார். அடுத்த இளவேனிலிற் கொடி தானே பூத்தது. அன்றுமுதல் முதியவர் நாடோறும் காலையில் அதனருகே செல்வாராயினர். நீர் விடுவதற்கு எவ்வளவு, எப்பொழுது என்பதையெல்லாம் அறுபத்தைந்தாண்டுக்கு மேற்பட்ட பிராயத்தில் முதன்முறையாகக் கற்றார்.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாளையொட்டி, வடமுனையின் மேல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வானம் திடீரென வெப்பமுற்றது. முனையைச் சுற்றி மேற்கினின்று கிழக்காகச் சுழன்றோடும் மேற்காற்று அதனால் நிலைகுலைந்து எதிர்த்திசையிற் புரண்டது. அவ்வுயரத்து மாறுதல் நிலமட்டத்திற்கு இறங்கிவரச் சில வாரம் செல்வதுண்டு. மாதக் கடைசியில் உருசிய நிலப்பரப்பினின்று கடுங்குளிர்க் காற்று பிரித்தானியாவின்மேற் புகுந்தது. நண்பகலிலும் பல இடங்களில் நீர் உறையும் நிலையைக் கடந்து வெம்மை ஏறவில்லை. வானிலை நிலையத்தார் சில பகுதிகளுக்குச் செந்நிற எச்சரிக்கை விடுத்தனர். கீழ்த்திசை விலங்கு என்று மக்கள் அக்காற்றுக்குப் பெயரிட்டனர்.

காற்று வருமென்பதைச் சில நாள் முன்னரே முதியவர் கேட்டறிந்தார். கொடியில் மொட்டுக்கள் பயற்றளவினவாய்த் திரண்டிருந்தன. பெட்டியிலிருந்த பழைய பருத்தி வேட்டிகள் நான்கினை எடுத்துக் கொடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். குழந்தையைப் பொதிவதுபோற் பொதிந்தார் என்றே சொல்லலாம். அன்பினாற் செய்த அச்செயலே தீங்காய் முடிந்தது. பனி வேட்டியில் விழுந்து நனைத்தது. நனைந்த துணி உறைந்து பலகையாயிற்று. அதன் மேற் பனி மேலும் குவிந்தது. பாரந் தாங்காது தலைத்தண்டு முறிந்தது. துணியோடு ஒட்டிய மொட்டுக்கள் துணியோடே உறைந்தன.

மூடியும் பயனில்லையோ எனின், மூடும் முறையில் தவறு. துணி உலர்ந்ததாய், இலேசானதாய், கொடியைத் தீண்டாது கழிகளின்மேல் நிற்றல் வேண்டும். பகலில் அதனை நீக்குதலும் வேண்டும். பனி கண்ட காலையிலோ, உறைவு மெல்ல இளகியபின்னரே நீக்குதல் நன்று. தோட்டப்பொருள் விற்போர் இதற்கென மெல்லிய வெண்துகில் வைத்திருக்கின்றனர். இவையெல்லாம் அவர் பின்னர் அறிந்தன.

மார்ச்சு இரண்டாம் வாரத்தில் பார்த்தபோது இலைகள் பழந்தோல் போற் பழுப்பேறியிருந்தன. இஃது உறைபனியால் மட்டும் வந்ததன்று. நிலம் உறைந்து வேர் நீருண்ண மாட்டாத வேளையில், வறண்ட காற்று இலையின் நீரை இடையறாது கவர்ந்தது. இலையுதிர்க்கும் கொடிக்கு இத்துன்பம் இல்லை. என்றும் இலையுடைய கொடிக்கே உண்டு. மற்றொன்றும் உளது. இலையுதிர்காலத்தில் நாள் குறுகக் குறுகக் கொடி தன் உயிரணுக்களிற் சர்க்கரையை மிகுத்து நீரைக் குறைத்துக்கொள்ளும். அதனால் உறைவு அணுக்களின் உள்ளே நிகழாது புறத்து இடைவெளிகளில் நிகழ, கொடி பிழைக்கும். இக்காப்பினைப் பெறப் பல வாரம் வேண்டும். இழப்பதற்கோ சில நாளை வெம்மை போதும். பின்பனியின் கொடுமை முழுதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

மார்ச்சு 17, 18-ஆம் நாட்களிற் கீழ்க்காற்று மறுபடியும் வந்தது. அதன்பின் கொடியைப் பார்த்தவர் யாவரும் அது இறந்ததென்றே கருதினர். மருமகனார் நல்லவர், ஆராய்ந்தே பேசினார்.

"மாமா, அது பட்டுப்போய்விட்டது. எடுத்துவிட்டால் பிள்ளைகளின் மிதிவண்டிகளுக்கு அங்கே ஒரு கொட்டில் போடலாம்."

"மே மாதம் முடியட்டும், தம்பி," என்றார் முதியவர். காரணம் கூறவில்லை. கூறத்தக்க காரணம் அப்பொழுது அவரிடம் இருந்ததோ என்பதும் ஐயமே.

காரணத்தைத் தந்தவர் அயல்வீட்டு ஆங்கில மூதாட்டியார். அவர் வேலியைச் சுற்றி வந்து, அடித்தண்டின் பட்டையை நகத்தாற் சிறிது கீறினார். உள்ளே பசுமை தெரிந்தது. முறிந்த தலையை மட்டும் அறுத்துவிடுமாறும், மற்றொரு வெட்டும் வெட்டாதிருக்குமாறும் சொல்லிச் சென்றார். இது சிறிய மொழியாயினும் இக்கொடிகளின் வளர்ப்பு முறையில் தலையாயது. சென்ற ஆண்டுத் தண்டிற் பூப்பனவாதலின் இவற்றைப் பூ முடிந்தவுடனன்றிப் பிற காலத்து வெட்டுதல் ஆகாது. இலையுதிர்காலத்தில் தூய்மை கருதி வெட்டுவார், வரவிருக்கும் பூவையே வெட்டுகின்றனர். தூய்மையில் மிக்க ஆர்வமுடையார் கையில் அர்மாண்டி பூப்பது அரிது.

ஏப்பிரல் முழுதும் ஒன்றும் தோன்றவில்லை. முதியவர் காலைதோறும் சென்று குனிந்து பார்த்துத் திரும்புவார். மகள் அடுக்களையினின்று அதனைக் காண்பாள், யாதும் வினவாள். மே மாதத்து மூன்றாம் வாரம் நிலத்தினின்று இரண்டு சாண் உயரத்தில், பட்டையைக் கிழித்துச் செந்நிறத் தளிர் இரண்டு வெளிப்பட்டன. அன்று அவர் உள்ளே வந்து காலையுணவை மறந்து அமர்ந்திருந்தார். மிதிவண்டிக் கொட்டில் வீட்டின் பக்கவாட்டில் அமைந்தது.

அவ்வாண்டுக் கோடை இங்கிலாந்தில் மிகக் கடுமையானது. அளவைக் குறிப்புக்கள் தொடங்கிய காலமுதல் அவ்வாண்டுவரை அந்நாடு அத்தகைய வெப்பக் கோடையைக் கண்டிருக்கவில்லை. புல்வெளிகள் வைக்கோல் நிறமாயின. காய்கறி கழுவிய நீரைப் பேத்தி வாளியிற் சேர்த்துத் தர, முதியவர் மாலைதோறும் கொடியின் அடியில் ஊற்றினார். செப்டம்பருக்குள் தளிர் இரண்டும் சுவரின் தலையைத் தொட்டன.

2019-ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்திலும் வடமுனையின்மேல் வானம் முன்போலவே வெப்பமுற்றது. அச்செய்தியைக் கேட்டு அவர் துகிலும் மூங்கிற் கழிகளும் வாங்கி வைத்தார். ஆயின் நிகழ்ந்தது வேறு. பிப்ரவரி 25-ஆம் நாள் பிரித்தானியாவிலே குளிர்காலத்தில் முதன்முறையாக வெம்மை 20 பாகையைக் கடந்தது. மறுநாள் இலண்டனைச் சார்ந்த கியூ தோட்டத்தில் 21.2 பாகை எனக் குறிக்கப்பட்டது. ஓராண்டின் முன் அதே கிழமையிற் பனிக்கட்டி மூடிய சுவரில், அர்மாண்டி முதற்கொத்தினை விரித்தது. மயிரடர்ந்த பெருவண்டொன்று எங்கிருந்தோ வந்து அதனுட் புகுந்தது. ஒரே குறி ஓராண்டில் உறைபனியையும் மற்றோராண்டில் வேனிலையும் முன்னிட்டு நின்றதாயின், தோட்டக்காரன் எதனைப் பற்றி நிற்பது?

மாலையிற் காற்று நின்றது, வானத்தில் முகிலில்லை. பகல் எத்துணை வெம்மையாயினும், முகிலற்ற இரவிலே நிலத்தின் வெம்மை மேலே சென்றுவிடும். இதனையும் அவர் இதற்குள் அறிந்திருந்தார்.

"அம்மப்பா, இன்றைக்கும் துணி போடவேண்டுமா? இவ்வளவு வெயிலாக இருந்ததே," என்றாள் பேத்தி.

"கழியைப் பிடி, பிள்ளை," என்றார் அவர்.

இருவரும் துகிலைக் கொடியைத் தீண்டாது விரித்தனர். விடியற்காலையில் முதியவர் எழுந்து தோட்டத்திற்குச் சென்று புல்லைக் கையாற் தடவிப் பார்த்தார். ஈரம் இருந்தது, வெண்பனி இல்லை. அடுக்களையில் மகள் விளக்கேற்றுவதற்கு முன்னர்த் துகிலை நீக்கி மடித்து வைத்தார்.