பட்டியலில் ஏறாத புனிதர்கள்

மன்னார்க் கரையிலே மக்கள் காலத்தைப் பெருநாள்களைக் கொண்டே அளக்கின்றனர். வள்ளம் வாங்குவதும், கடன் தீர்ப்பதும், மணம் பேசுவதும் "செபஸ்தியார் பெருநாளுக்கு முன்", "அன்னம்மாள் கொடியேற்றத்தின் பின்", "ஆவணி மடு முடிந்ததும்" என்றே குறிக்கப்படுகின்றன. இங்கு தமிழாசிரியராகப் பணியேற்ற நாமும், வகுப்பில் வெறுமையாகும் இருக்கைகளைக் கொண்டே எவ்வூரில் கொடி ஏறியது என்று அறியப் பழகிவிட்டோம்.

இவற்றை மூடத்தனமென்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்களோடு நாம் உடன்படுவதில்லை. ஏட்டில் இடம் பெறாத மக்கள் தம் வரலாற்றைச் சேமித்து வைக்கும் களஞ்சியங்களுள் பெருநாளும் ஒன்று. அக்களஞ்சியத்தில் எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்பதே ஆராயத் தக்கது.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி, வழிபாடு இறைவனுக்கே உரியது. புனிதர்க்கு உரியது வணக்கம். புனிதரின் பெருநாளும் பெரும்பாலும் அவர் பிறந்த நாளன்று, இறந்த நாளே. மண்ணில் இறந்த நாளை விண்ணில் பிறந்த நாளாகக் கொள்வது பழைய மரபு. தொடக்க நூற்றாண்டுகளில் ஒருவரைப் புனிதரென்று கொண்டவர்கள் அவரை அறிந்த ஊர்மக்களே. அவருடைய கல்லறையருகே கூடி அவரை நினைந்தவர்களே. 993ஆம் ஆண்டில்தான் பாப்பரசர் ஒருவர் முறைப்படி ஒருவருக்குப் புனிதர் பட்டம் அளித்ததாகப் பதிவு உண்டு. பின்னர் அந்த உரிமை முழுவதும் உரோமைக்குச் சென்றது. 1588இல் அதற்கெனத் தனிச்சபை ஒன்றும் அமைந்தது. அன்றுதொட்டு ஆவணமும், சாட்சியமும், வழக்கை எடுத்து நடத்துவோரும் வேண்டியவராயினர்.

இப்பாடத்தை நடத்தியபோது மாணவன் ஒருவன் எழுந்து, தோட்டவெளியில் வெட்டுண்டவர்களுக்கு நாட்காட்டியில் ஏன் நாள் இல்லை என்று கேட்டான். கேட்கத் தக்க வினாவே அது.

1544ஆம் ஆண்டு, முத்துக்குளித்துறையில் இருந்த சவேரியார் அனுப்பிய குருவின் கையால் மன்னார்த் தீவின் மக்கள் பலர் திருமுழுக்குப் பெற்றனர். யாழ்ப்பாணத்து மன்னன் முதலாம் சங்கிலி படையோடு வந்து அவர்களுள் அறுநூறு எழுநூறு பேரைக் கொன்றான் என்பது வரலாறு. மதம் மாறியோர் போர்த்துக்கேயரின் குடிகளாகிவிடுவர் என்ற அச்சம் அரசனுக்கு இருந்தது. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதுமன்று. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றவே செய்தனர். அரசனின் வாளுக்கும் அந்நியனின் கப்பலுக்கும் இடையே அகப்பட்டு மடிந்தவர்கள் கடலையே நம்பி வாழ்ந்த எளியோர். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் அரசியான மாதாவின் பெயரால் தேவாலயம் நிற்கிறது. அந்த வேதசாட்சிகளுக்கோ இன்றுவரை புனிதர் பட்டம் இல்லை.

பெயர் தெரியாமையே தடை என்பாரும் உளர். அதுவும் முழு உண்மையன்று. இத்தாலியின் ஒத்திராந்தோ நகரில் 1480இல் ஒட்டோமான் படையினரால் கொல்லப்பட்ட 813 பேருக்கு 2013ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பட்டம் வழங்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எவருக்கும் தெரியா. ஆனால் அவர்களுடைய எலும்புகளைப் பேணிய பேராலயம் இருந்தது. வழக்கை ஏந்திச் செல்லும் கைகள் இருந்தன. உரோமை அணித்தே இருந்தது.

இலங்கைக்கும் ஒரு புனிதர் கிடைத்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் கரையிறங்கிய கோவைக் குரு யோசேவ் வாஸ் அவர். 1711இல் கண்டியில் மறைந்த அவருக்கு 2015 ஜனவரி 14இல் பட்டம் கிடைத்தது. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவரே. ஆயினும் எழுதத் தெரிந்த சபையொன்று அவருக்குப் பின்னால் இருந்ததையும் மறத்தலாகாது. அதே ஒடுக்குமுறைக் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைச் சுமந்து மடுக் காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள் இருபது என்று மரபு கூறுகிறது. தொகை மட்டுமே எஞ்சியது.

இக்குறையைத் திருச்சபையும் உணராமலில்லை. நவம்பர் முதல் நாள் சகல புனிதர் பெருநாள். பட்டியலில் ஏறாத அனைவருக்கும் உரிய நாள். மறுநாள் இறந்தோர் அனைவரின் நாள். அன்று மாலை மன்னாரின் சேமக்காலைகளில் மெழுகுதிரி ஒளிராத கல்லறை அரிது. ஆண்டின் பெருநாள்கள் அனைத்திலும் மக்களுக்கு மிக நெருங்கியவை இவ்விரண்டுமே என்பது நம் எண்ணம்.

அதே நவம்பரில், 1999ஆம் ஆண்டு 20ஆம் நாள், மடுக் கோயில் வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களை வேதசாட்சிகள் என்று அறிவிப்பது நம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. ஆனால் அவர்களும் வெறும் தொகையாய் எஞ்சிவிடலாகாது என்று கூறும் கடமை ஆசிரியருக்கு உண்டு. அதனாலேயே ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நம் மாணவர்க்கு ஒரு கட்டுரை தருகிறோம்: வீட்டிலும் அயலிலும் போரில் மறைந்தோரின் பெயர், தொழில், இறந்த நாள், இறந்த இடம். கத்தோலிக்கர், சைவர், முஸ்லிம்கள் என்ற பிரிவு அக்குறிப்பேடுகளில் இல்லை.

1544இல் இக்கரையின் எளியோருக்காக எழுத இக்கரையில் எவரும் இலர். இன்று இங்கு எழுதத் தெரிந்த பிள்ளை இல்லாத வீடு இல்லை.