பைல் நாட்டில் ஒரு விருந்து

பிறர் இல்லத்தில் விருந்தினராய்த் தங்குதல் எளிய செயல் போலத் தோன்றும். கட்டணம் கொடுத்தோம், உண்டோம், உறங்கினோம், திரும்பினோம் என்று கணக்கு முடிந்துவிடுமென எண்ணுவோர் பலர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற கோடை விடுமுறையில், கொல்லிமலையின் பைல் நாட்டில் ஒரு பழைய வீட்டில் இரண்டு இரவு தங்கிவந்த பின்னர் அவ்வெண்ணம் எம்மை விட்டு நீங்கிற்று. அது நீங்கிய வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பழைய வீட்டில் தங்கவேண்டும் என்னும் ஆசை எமக்கு எழுந்ததற்குக் காரணம் ஒரு படம். மொராக்கோ நாட்டின் பழம்பெரு நகரமாகிய ஃபெஸ் மாநகரில் ‘ரியாத்’ எனப்படும் வீடுகள் உள்ளன. தெருவிலிருந்து நோக்கின் வெறுஞ்சுவரும் ஒரு சிறு கதவுமே காணப்படும். உள்ளே புகுந்தாலோ, நடுவே முற்றம், முற்றத்தில் நீரூற்றும் நாரத்தை இன மரங்களும், நாற்புறமும் அறைகள், சுவரெங்கும் வண்ண ஓட்டுச் சில்லுகளாலாய கோலங்கள். அந்நகரின் தெருக்கள் மோட்டார் வண்டி நுழையலாகாக் குறுந்தெருக்கள். இன்றும் கழுதைகளே பல இடங்களிற் பொதி சுமக்கின்றன. 1981-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அப்பழைய நகரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அத்தகைய வீடுகள் பல இப்பொழுது தங்கும் மனைகளாகியுள்ளன.

அந்நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் விருந்துறவு புதிதன்று. 1304-ஆம் ஆண்டில் மொராக்கோவின் தாஞ்சியர் நகரிற் பிறந்த இபின் பதூதா, 1340-களில் மதுரைச் சுல்தானின் விருந்தினராய்த் தமிழகத்தில் தங்கி, மதுரையிற் கொடுங் காய்ச்சலுற்று, உயிர் தப்பிச் சென்றவர். பின்னர்த் தாயகம் மீண்டு, தம் பயண வரலாற்றை அவர் சொல்ல, வேறொருவர் எழுதி 1355-இல் முடித்தனர். அவர் இங்கு வந்தார். யாம் அங்குச் செல்லக் கைப்பொருள் இல்லை. நாமக்கல்லுக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும் இருந்தது. ஆகவே யாமும் எம் வகுப்புத் தோழர் ஒருவரும் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம்.

காரவள்ளி அடிவாரத்தினின்று மலைப்பாதை தொடங்குகின்றது. கொண்டையூசி வளைவுகள் 70. எம் தோழர் முதற் பத்தை எண்ணினார். பின்னர்க் கண்ணை மூடிக்கொண்டார். பேருந்து ஏறுதற்கே இத்துணை வருத்தமாயின், பாதையில்லாக் காலத்தில் இம்மலையேறியோரை என்னென்பது! 1913 முதல் இங்கு மருத்துவமும் கல்வியும் பரப்பிய ஜெஸ்ஸி பிராண்டு துரையவர்கள் 1929-இல் காய்ச்சலால் இறந்தார். அவர் துணைவியார் ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைமக்களை விட்டகலாது பணிசெய்து 1974-இல் மறைந்து, கணவர் அருகே இம்மலையிலேயே அடக்கமாயினார். விருந்தாக வந்து குடியாகிப்போனவர் அவர். யாமோ இரண்டு இரவுக்கு வந்தவர்கள்.

கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பெற்றது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என வழங்கும் அவற்றுள் பைல் நாடும் ஒன்று. நாடு என்ற சொல்லைப் பெரும்பரப்புக்கு மட்டுமே வழங்கிப் பழகிய எமக்கு, சில சிற்றூர்களின் தொகுதியை நாடென அழைப்பது வியப்பாயிருந்தது. பழைய கல்வெட்டுக்களில் வரும் நாடு என்னும் பிரிவு இங்கு இன்றும் மக்கள் நாவில் உயிரோடு இருக்கின்றது. இங்கு வாழும் மலையாளிகள் மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்ற தமிழ்க்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் எனக் கூறுவது அவர்தம் மரபு.

நிற்க. எமக்கு இடந்தந்த வீடு மூங்கிற் பிளாச்சுக்கட்டி மண்ணப்பிய சுவரும், புல்வேய்ந்த கூரையும் உடையது. வாயில் தாழ்ந்திருந்தது, தலை வணங்காமல் உள்ளே புகமுடியாது. சாணம் மெழுகிய தரை கோடையிலும் குளிர்ந்திருந்தது. அடுப்புக்கு மேலே பரண். அப்பரணில் கதிர்க்கட்டுகளும் வாய்கட்டிய மட்பானைகளும் இருந்தன. அடுப்புப் புகை நாடோறும் அவற்றைத் தழுவிச் செல்வதால் வண்டும் அந்தும் அணுகா என்று வீட்டின் மூதாட்டியார் கூறினார். கூரையின் உட்புறம் எண்ணெய் பூசியது போலக் கருத்து மின்னிற்று. எம் தோழர் அதனைப் படம்பிடித்த வண்ணமாகவே இருந்தார். அம்மூதாட்டியாரை ஊரார் அழைத்தவாறே யாமும் ஆயா என்றழைத்தோம். அவர் எம்மைத் தம்பி என்றார்.

முதல்நாள் இரவு அவர்கள் எமக்கு இட்டது அரிசிச்சோறு. நியாயவிலைக் கடை அரிசியென்று அறிந்ததும் எம் முகம் சிறிது வாடிற்று. “ஆயா, சாமை உண்பதற்காகவே மலையேறி வந்தோம். சாமைச் சோறு கிடைக்காதா?” என்று யாமே கேட்டோம். கேட்டது எம் தோழர் அல்லர், யாமே; இதனை மறைத்தல் முறையன்று. ஆயா சற்று வாளாவிருந்தார். மருமகளார் அவரை ஏறிட்டு நோக்கினார். பின்னர், “நாளைக்கு ஆக்கிப்போடறேன் தம்பி,” என்றார்.

விடியற்காலத்தில் உலக்கை ஒலி கேட்டு விழித்தோம். சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. உரலிலிட்டுக் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்தல் வேண்டும். இருவர் மாறிமாறி இரண்டு நாழிகை குத்திய பின்னரே எம் இருவர்க்கும் வீட்டார்க்கும் போதுமான அரிசி ஆயிற்று. மலையில் சாமை குறைந்ததற்கு இவ்வுழைப்பும் ஒரு காரணம். மற்றொரு காரணம் மரவள்ளிக் கிழங்கு. சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகள் அதனைப் பணங்கொடுத்து வாங்குகின்றன. சாமையோ வீட்டு உணவு. 1990-கள் முதல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் விதை வங்கிகளையும் உமிநீக்கும் பொறிகளையும் ஏற்படுத்திச் சிறுதானியங்களைக் காக்க முயன்றுவருகின்றனர். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடிற்று. எனினும் குத்தும் கை குத்தித்தானே தீரவேண்டும்? யாம் உலக்கையை வாங்கிக் குத்தினோம். பத்துக் குத்துக்குள் உள்ளங்கை சிவந்தது. மருமகளார் சிரித்தார்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் உண்டோம். அதன் சுவையை எழுத முயன்று மூன்று வரி அடித்துவிட்டோம். நன்றாயிருந்தது என்பதே போதும்.

அன்று நண்பகலில், திண்ணையிலிருந்து மருமகளாரோடு உரையாடுகையில், வீட்டை இடித்துத் தொகுப்பு வீடு கட்ட எண்ணியிருப்பதாகக் கூறினார். யாம் பதறினோம். “இத்தகைய வீடு இனிக் கிடைக்குமா? இதனைக் காக்கவேண்டாமா?” என்று ஃபெஸ் நகரத்து வீடுகளை எடுத்துக்காட்டிச் சொற்பொழிவே நிகழ்த்தினோம். அவர் அமைதியாகக் கேட்டிருந்து, “கூரை மாத்தப் புல்லு வேணும் தம்பி. முன்ன ஊரே வந்து மேயும். இப்ப எல்லாரும் வேலைக்குக் கீழே போயிட்டாங்க. ஐப்பசி மழையிலே நாலு இடத்துலே ஒழுகும். நீங்க சித்திரையிலே வந்திருக்கீங்க,” என்றார்.

எமக்கு விடை தோன்றவில்லை. ஃபெஸ், மராக்கேஷ் நகரங்களிலும் பழங்குடும்பங்கள் பல, பேணும் செலவுக்கு ஆற்றாது, புதிய குடியிருப்புகளுக்குப் போயின. வெளிநாட்டார் பலர் அவ்வீடுகளை வாங்கித் தங்கும் மனையாக்கினர் என்று யாம் படித்திருந்தோம். வீடு பிழைத்தது, குடி மாறிற்று. அப்பகுதியை யாம் அம்மையாரிடம் கூறாமல் விட்டிருந்தோம் என்பது அப்பொழுதுதான் எமக்கே தெரிந்தது.

மாலையில் இதனினும் பெரியதொன்று நிகழ்ந்தது. ஆயாவின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, எம் தோழர் காட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பரணின் படம் வந்தவுடன், “இந்தப் பானை காலி. விதைச் சாமையை ஆயா இடிச்சிடுச்சு,” என்றாள். எம் இருவர்க்கும் பேச்சு எழவில்லை. யாம் உண்டது விதை! ஆனி மாதத்து விதைப்புக்கென்று புகையூட்டிக் காத்த கட்டவெட்டிச் சாமை!

ஆயாவிடம் ஓடினோம். “இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா?” என்றோம். “வீட்டுலே வெச்சுக்கிட்டு இல்லேன்னு எப்படித் தம்பி சொல்றது?” என்றார். மிகுதிப் பணம் தர முன்வந்தோம். பேசிய தொகைக்கு மேல் ஒரு காசும் தொடமாட்டேன் என்றார். “வெதைக்கு என்ன, பங்காளி வூட்டுலே ஒரு வள்ளம் கடன் வாங்கி, அறுப்புலே ஒன்னேகாலாக் குடுத்துட்டாப் போச்சு,” என்று முடித்துவிட்டார்.

மறுநாட் காலை, விதை வாங்க அடுத்த ஊருக்குச் சென்ற ஆயாவுடன் யாமும் சென்றோம், சுமையேனும் சுமப்போம் என்று. அங்குக் கட்டவெட்டி இல்லை, பெருஞ்சாமையே இருந்தது. ஆயா அதனை இருகையாலும் அள்ளிப் பார்த்து, முகர்ந்து, முந்தானையில் வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் யாம் வற்புறுத்திக் கேட்டபின்னரே உண்மை சொன்னார். தம் மாமியார் காலந்தொட்டு அவ்வீட்டில் விதைத்துவந்தது கட்டவெட்டி. மற்றொரு பானையின் அடியில் இரண்டு படி மீந்துள்ளதாம். அதனை ஒரு மூலையில் விதைத்துப் பெருக்கிக்கொள்ளலாமாம். “மழை பெஞ்சாச் சரி,” என்றார். மழை பெய்யாவிடின்? யாம் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை முதல்நாள் இரவே இழந்திருந்தோம்.

கீழிறங்கும் பேருந்தில் எம் உள்ளம் ஓயவில்லை. விதைத்த நெல்லை நள்ளிரவு மழையில் வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கிய இளையான்குடி மாறனார் வரலாற்றைத் தேர்வுக்காகப் படித்து முழு மதிப்பெண் பெற்றவர் யாம். கடைசிப்பிடி மாவையும் எலியாவுக்கு அப்பமாகச் சுட்ட சாறிபாத் ஊர்க் கைம்பெண்ணின் கதையை ஞாயிற்றுப் பள்ளியில் நடித்துமிருக்கின்றோம். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி, பாணர்க்கு வாரி வழங்கியும் புகழ்மொழி கேட்க நாணினான் என வன்பரணர் பாடிய புறப்பாட்டும் எமக்குப் பாடம். இவற்றையெல்லாம் கற்று, இவற்றின் உயிர் எதிரே உரலிற் குத்திக்கொண்டிருக்கையில், அதனை அறியாது சுவைபார்த்தோமே!

அக்கதைகளிலெல்லாம் யாம் விருந்தளித்தாரையே நோக்கிவந்தோம். விருந்தினரை நோக்கியதில்லை. திருக்குறளில் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல், அது இல்லத்தார்க்கு. விருந்தாய்ச் செல்வார்க்கு உரிய அறம் யாது? இட்டதை உண்பது; இல்லாததைக் கேளாதிருப்பது; இருப்பதையும், அது எதற்காக இருக்கின்றதென்று அறியுமுன் கேளாதிருப்பது. ஃபெஸ் நகரின் ரியாதாயினும் பைல் நாட்டின் புற்கூரையாயினும், அது எமக்குக் காட்சி, அங்குள்ளார்க்கு வாழ்வு. பழமையைக் காக்க வேண்டுமென்று உரைக்கும் நாவே அதன் விதையை உண்டுவிடக்கூடும்.

இதனை எழுதும் இவ்வேளையில் மலையில் மழை பெய்திருப்பதாகச் செய்தி வந்தது. கட்டவெட்டி முளைத்ததா என்று கேட்டோம். மூலையில் ஒரு பாத்தி பசுமையாயிருக்கின்றதென்று மருமகளார் தொலைபேசியிற் கூறினார். அறுவடைக்குச் செல்வதாக எம் தோழரும் யாமும் உறுதி கொண்டிருக்கின்றோம், உண்பதற்கன்று, கதிர் அறுத்துக் கொடுப்பதற்கு. அரிசிச்சோறு இட்டாலும் மகிழ்ந்து உண்போம்.