சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம். படித்தவர்களுக்கு எது மறந்தாலும் தேய்மானம் மறக்காது. வருமான வரிக் கணக்கில், தொழிலுக்கு ஓடும் காருக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில் அடுத்த வருஷம் மறுபடி 15. இப்படியே போனால் 100 ரூபாய் கார், பத்து வருஷத்தில் சுமார் 20 ரூபாய். ரொம்ப அழகான கணக்கு. அதில் ஒரே ஒரு விஷயம் வராது. காரின் விலைதான் தேயும்; அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை தேயவே தேயாது.

செகண்ட்ஹேண்டில் பெரிய ஜெர்மன் கார் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாடம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். என் மைத்துனனுக்கு ஒன்பதாவது மாதம் வந்தது.

அவன் அந்தப் பத்து வயசுக் காரை வாங்கியது அந்தஸ்துக்காக இல்லை. என் மாமியாருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மாதம் ஒரு தடவை சென்னையிலிருந்து வேலூருக்கு செக்கப். குலுங்கினால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது. “அடாப்டிவ் சஸ்பென்ஷன் அத்தான். தண்ணி மேல போற மாதிரி இருக்கும்” என்றான். அப்படித்தான் இருந்தது, எட்டு மாதம்.

பிறகு பின்பக்கம் எண்ணெய் கசிந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டினால் கார் மூன்று தடவை தலையாட்டிவிட்டுத்தான் நின்றது. நான்கு ஷாக் அப்சார்பரும் மாற்ற கம்பெனி சர்வீஸில் கொடுத்த எஸ்டிமேட், நான் வாங்கிய முதல் காரின் விலையைவிட அதிகம்!

அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள்? காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்கி வைப்பது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், எண்ணெய் நுழைந்து போகச் சின்னச் சின்ன வழிகள். சாதாரண வகையில் அந்த வழிகளின் அமைப்பு தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். அடாப்டிவ் வகையில், மின்சாரத்தில் இயங்கும் வால்வு அதைச் சுருக்கும், விரிக்கும். சென்சார்கள் சொல்லச் சொல்ல, ஒரு நொடிக்குள் பல தடவை. 2002-ல் டெல்ஃபி கம்பெனி கேடிலாக் செவில் காரில் கொண்டுவந்தது இன்னும் வினோதம். எண்ணெயிலேயே இரும்புத் துகள்கள். காந்தப் புலம் பட்டால் எண்ணெயே கெட்டியாகிவிடும். இத்தனை மூளையும் சக்கரத்துக்குப் பக்கத்தில், சேற்றிலும் மழைத் தண்ணீரிலும் குடியிருக்கிறது. கெட்டுப்போனால் மூளைக்கும் சேர்த்துத்தான் விலை.

வீட்டில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. இன்ஜினீயரிங் படிக்கும் மைத்துனன் மகன், “காயில்ஓவர் போடலாம் மாமா, கார் கெத்தா இருக்கும்” என்றான். ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங், உடம்பில் மரை. வளையத்தைத் திருகினால் காரின் உயரத்தைக் குறைக்கலாம். வளைவில் கார் சாய்வது குறையும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அருமையான சாமான்.

ஆனால், உயரம் குறைந்தால் சக்கரம் மேலும் கீழும் போக இடமும் குறையும். அதனால் ஸ்பிரிங்கையும் பெரும்பாலும் இறுக்கமாகவே வைப்பார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1988-ம் வருஷக் கணக்குப்படி ஸ்பீட் பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் போட்டவர்கள் உயரத்தை மட்டும் படித்திருக்கிறார்கள்.

இன்னொரு உறவினர், புதுப்பேட்டையில் பழைய அடாப்டிவ் கிடைக்கும் என்றார். கிடைக்கலாம். அதுவும் யாரோ பத்து வருஷம் ஓட்டியதாகத்தான் இருக்கும். பில்ஸ்டெய்ன் போன்ற கம்பெனிகள், வயரோடு அப்படியே பொருந்தும் அடாப்டிவ்களை வெளிச்சந்தையில் விற்கின்றன. கிடைக்கிற மாடல்களுக்கு அது நல்ல வழி. மைத்துனனின் மாடலுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் அம்பத்தூர் மெக்கானிக் பாயிடம் போனோம். முப்பது வருஷ அனுபவம். அவர் காருக்கு அடியில் குனிவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த வண்டியில பின் சீட்ல யார் சார் உக்காருவாங்க?”

எஸ்டிமேட் கொடுத்தவர்களும் கேட்கவில்லை, ஆலோசனை சொன்னவர்களும் கேட்கவில்லை. மைத்துனன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். “அப்போ ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் தொட வேணாம். இதே வண்டியோட சாதாரண மாடலுக்கு வர்ற ஷாக் பொருந்துதான்னு பார்த்துப் போடுவோம். முன்னாடி ஜோடி, பின்னாடி ஜோடி. வேலை முடிஞ்சதும் அலைன்மென்ட்.” காற்றுப் பையில் நிற்கும் சஸ்பென்ஷனாக இருந்தால் கதையே வேறு, ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

மஞ்சள் விளக்கு? வயர் அறுந்ததாக நினைத்து கார் கத்திக்கொண்டே இருக்கும். அதற்கு இரண்டு வழி. சில கார்களில் கம்ப்யூட்டரில் கோடிங்கை மாற்றி, இனி அடாப்டிவ் இல்லை என்று பதிந்துவிடலாம். முடியாவிட்டால், ஷாக் அப்சார்பர் இருப்பதுபோல் நடிக்கும் சின்னப் பெட்டி ஒன்று. ஜெர்மனியின் கே.டபிள்யூ. கம்பெனியே அப்படி விற்கிறது. இங்கே பெட்டிதான் சரிப்பட்டது.

எனக்குக் காலேஜ் ஞாபகம் வந்தது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டு மேலே போவோம். தற்காலிகமாக அது தப்பில்லை. அப்படி ஒன்று இருப்பதைச் சொல்லாமல் மறைத்தால்தான் தப்பு.

எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அடுத்த வேலூர் பயணத்தில் நானும் போனேன். “முன்ன மாதிரி மெத்துனு இல்லை. சின்னப் பள்ளம்கூடத் தெரியுது. ஆனா அந்தத் தூளி ஆட்டம் நின்னுபோச்சு” என்றார் மாமியார். பாஸ் மார்க். அன்று ராத்திரி தூங்கினார் என்று மறுநாள் போனில் தெரிந்தது.

மைத்துனன் இப்போது இரண்டு காரியம் செய்திருக்கிறான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைப் பற்றி ஒரு கடிதம். சர்வீஸ் ஃபைலில் பில்லும், எந்த வயரில் அந்தப் பெட்டி இருக்கிறது என்ற குறிப்பும். என்றைக்காவது காரை விற்பான். வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது ‘கம்ஃபர்ட்’ பட்டனை அமுக்குவார். விளக்கு எரியும். வேறொன்றும் நடக்காது. அவர் வீட்டிலும் முதுகு வலிக்காரர் ஒருவர் இருக்கலாம். பட்டனை அமுக்குவதற்கு முன்பே அந்த ஃபைலைக் காட்டிவிட வேண்டும்.